எம்10 டிராமில் ஏறினால் பெர்லின் சுவரை மூன்று முறை தாண்டலாம்

கேள்வி இது: "அக்டோபரில் நான்கு நாள் பெர்லினில் இருப்பேன். வரைபடத்தைப் பார்த்தால் டிராம் எல்லாம் ஊரின் கிழக்குப் பாதியிலேயே ஓடுகிறது, மேற்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஏன் இப்படி? மேற்கே நீட்டுகிறார்கள் என்கிறார்களே, எந்த அளவுக்கு நடந்திருக்கிறது? டிராமிலேயே ஊர் சுற்ற எதில் ஏறலாம்?"

நீங்கள் பார்த்தது சரிதான். இன்றைய டிராம் வரைபடத்தை எடுத்து, அதன் மேல் 1989 வரை நின்ற சுவரின் கோட்டை வரைந்து பாருங்கள். தண்டவாளம் முழுக்க கோட்டுக்குக் கிழக்கே கிடக்கும். இரண்டு இடத்தில் மட்டும் விரல் நீட்டியது போலக் கோட்டைத் தாண்டி மேற்கே கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அந்த விரல்கள் 1995 தொடங்கி முளைத்தவை. உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் அந்த விரல்களில்தான் இருக்கிறது. பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன்.

பெர்லினில் குதிரை இழுத்த டிராம் 1865இல் வந்தது, பிராண்டன்பர்க் வாயிலில் இருந்து சார்லட்டன்பர்க் வரை. 1881 மே மாதம் ஊருக்குத் தென்மேற்கே லிக்டர்ஃபெல்டே என்ற இடத்தில் வெர்னர் சீமன்ஸின் நிறுவனம் உலகின் முதல் மின்சார டிராமை ஓட்டியது. ரயில் நிலையத்துக்கும் ராணுவப் பயிற்சிப் பள்ளிக்கும் நடுவில் சுமார் இரண்டரை கிலோமீட்டர். அப்போது மேலே கம்பி கிடையாது. இரண்டு தண்டவாளங்களிலேயே மின்சாரம் பாயும். கடவையில் குறுக்கே போன குதிரைகளுக்கு ஷாக் அடித்தது என்று சொல்வார்கள். அந்த லிக்டர்ஃபெல்டே பின்னாளில் மேற்கு பெர்லின் பக்கம் போய்விட்டது. ஆக, உலகுக்கே மின்சார டிராம் கொடுத்த பேட்டையில் இன்றைக்கு ஒரு டிராம் கூட ஓடுவதில்லை. அங்கே போய் நின்றால் பஸ்தான் வரும்.

1929இல் ஊரின் போக்குவரத்தை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து பேஃபவ்கே (BVG) என்ற நிறுவனம் உண்டானது. அந்தக் காலத்தில் டிராம் தடம் 600 கிலோமீட்டருக்கும் மேல். இன்று இருப்பது 200க்குப் பக்கத்தில், 22 வழித்தடங்கள். பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் அழியவில்லை. போருக்குப் பிறகு பிடுங்கினார்கள்.

ஊர் கிழக்கு, மேற்கு என்று இரண்டானபோது போக்குவரத்து நிறுவனமும் 1949இல் இரண்டானது. ஆனாலும் கொஞ்ச காலம் டிராம்கள் எல்லையைத் தாண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தன. 1953 ஜனவரியில் அதுவும் நின்றது. நின்றதற்கு வெளியே சொன்ன காரணம் விசித்திரமானது. கிழக்கில் பெண்கள் டிராம் ஓட்டினார்கள், மேற்கில் பெண் ஓட்டுநருக்கு அனுமதி இல்லை. பெண்கள் ஓட்டி வந்த வண்டிகளை மேற்குப் பக்கம் உள்ளே விட மறுத்தது, கிழக்குப் பக்கம் சேவையையே வெட்டியது. சுவர் கட்டியது 1961இல்தான். தண்டவாளத்தில் சுவர் அதற்கு எட்டு ஆண்டு முன்பே எழுந்துவிட்டது.

அப்புறம் மேற்கு பெர்லின் டிராமையே வேண்டாம் என்றது. அன்றைய மேற்கு ஐரோப்பாவின் பல நகரங்கள் எடுத்த முடிவுதான் அது: கார் வருகிறது, சாலையை விடு, ஆட்களை பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் ஏற்று. வழித்தடம் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்து, 1967 அக்டோபர் 2ஆம் தேதி 55ஆம் எண் டிராம் சூ நிலையத்தில் இருந்து ஷ்பாண்டாவ் பக்கம் கடைசியாக ஓடியது. அதோடு மேற்கில் கதை முடிந்தது.

கிழக்கில் டிராம் பிழைத்தது. அங்கே இருந்தவர்களுக்குத் தொலைநோக்கு அதிகம் என்று சிலர் எழுதுவார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சுரங்கம் தோண்டப் பணம் குறைவு, டீசலும் தாராளமாகக் கிடையாது. ஏற்கெனவே இருக்கிற தண்டவாளத்தை வைத்துக்கொண்டு ஓட்டுவதுதான் மலிவு. அங்கேயும் கூட ஊரின் நடு மையத்தை அழகுபடுத்துகிறோம் என்று 1960களின் கடைசியில் அலெக்சாண்டர்பிளாட்ஸில் இருந்து டிராமைத் துரத்தத்தான் செய்தார்கள். ஆனால் மார்ட்சான், ஹோஹன்ஷோன்ஹவுசன் போன்ற பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பியபோது லட்சக்கணக்கான ஆட்களை ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. 1979இல் மார்ட்சானுக்குப் புதிய தடம் போட்டார்கள். பிராகாவில் செய்த டாட்ரா வண்டிகள் சாரை சாரையாக வந்தன. இன்று எம்4, எம்6, எம்8 என்று ஓடும் நெரிசலான தடங்களின் வால் பகுதி எல்லாம் அந்தக் காலத்துப் பரிசு.

சரி, இப்போது விரல்களுக்கு வருவோம்.

முதல் விரல், போர்ன்ஹோல்மர் ஸ்ட்ராசேயில் இருக்கும் போசே பாலம். 1989 நவம்பர் 9 இரவு எல்லைக் கதவு முதலில் திறந்தது இந்தப் பாலத்தில்தான். 1995 அக்டோபரில் இதே பாலத்தின் மேல் தண்டவாளம் போட்டு டிராம் மேற்கே வெட்டிங் பக்கம் இறங்கியது. 28 ஆண்டு கழித்து மேற்கு பெர்லின் மண்ணில் மறுபடி ஒரு டிராம். 1997இல் அதை இன்னும் கொஞ்சம் நீட்டி ஃபிர்ஷோ மருத்துவமனை வளாகம் வரை கொண்டுபோனார்கள். இன்று அந்தத் தடத்தில் எம்13ம் 50ம் ஓடுகின்றன.

1998இல் அலெக்சாண்டர்பிளாட்ஸுக்கு டிராம் திரும்பி வந்தது. இதைக் கிழக்குக்குள்ளேயே நடந்த திருத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். நடு சதுக்கத்திலேயே, கூட்டத்துக்கு நடுவில், மணியடித்துக்கொண்டு போகும்.

இரண்டாவது விரல்தான் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது. எம்10 என்ற ஒரே வழித்தடத்தைத் துண்டு துண்டாக மேற்கே தள்ளிக்கொண்டே போகிறார்கள். 2006 மே மாதம் எபர்ஸ்வால்டர் ஸ்ட்ராசேயில் இருந்து பெர்னாவர் ஸ்ட்ராசே வழியாக நோர்ட்பான்ஹோஃப் வரை. 2015 ஆகஸ்டில் அங்கிருந்து ஊரின் முதன்மை ரயில் நிலையம் வரை. 2023 செப்டம்பரில் அங்கிருந்து மோவபிட் பகுதியில் உள்ள டுர்ம்ஸ்ட்ராசே வரை, 2.2 கிலோமீட்டர். இவை போக, தென்கிழக்கே ஆட்லர்ஸ்ஹோஃப் அறிவியல் வளாகத்துக்குள் 2011இல் ஒரு துண்டு, அதை ஷோனவைடே நிலையத்தோடு இணைக்க 2021இல் 2.7 கிலோமீட்டர். இது கிழக்கிலேயே முடிந்துவிடும், விரல் கணக்கில் வராது.

இன்னும் சில சில்லறைத் துண்டுகளைச் சேர்த்தாலும், முப்பது ஆண்டுக் கணக்கை ஒரு பத்தியில் சொல்லிவிட முடிகிறது. மேற்கு பெர்லின் 20 ஆண்டுகளுக்குள் பிடுங்கிப்போட்டதில் ஒரு கைப்பிடி அளவு கூட இன்னும் திரும்பி வரவில்லை. பெர்லினில் டிராமை நீட்டுவது பற்றி யாராவது உற்சாகமாகப் பேசினால், இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

ஏன் இவ்வளவு மெதுவு? பணம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஒரு ஒப்பீடு பாருங்கள். யு5 சுரங்க ரயிலை அலெக்சாண்டர்பிளாட்ஸில் இருந்து பிராண்டன்பர்க் வாயில் வரை இணைத்தார்கள். புதிய சுரங்கம் 2.2 கிலோமீட்டர். 2010இல் தோண்டத் தொடங்கி 2020 டிசம்பரில் திறந்தார்கள், 50 கோடி யூரோவுக்கு மேல் ஆனது. மோவபிட்டுக்குப் போன எம்10 துண்டும் அதே 2.2 கிலோமீட்டர்தான். அதற்கு ஆன செலவு இதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை, கட்டுமானமும் சுமார் இரண்டு ஆண்டில் முடிந்துவிட்டது. சுரங்க ரயில் வேகமானது, அதிகம் பேரை ஏற்றும், இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்பது உண்மைதான். ஆனாலும் பத்து மடங்கு என்பது கொஞ்சநஞ்ச வித்தியாசம் இல்லையே.

நேரம் போவது கட்டுவதற்கு முந்தைய கட்டத்தில். ஜெர்மனியில் இப்படி ஒரு தடம் போட வேண்டும் என்றால் முதலில் வரவு செலவு ஆய்வு. இந்தத் தடத்தால் சமூகத்துக்குக் கிடைக்கும் பயன், ஆகும் செலவைவிட அதிகம் என்று எண்ணில் காட்ட வேண்டும். காட்டினால்தான் மத்திய அரசின் நிதிக்குக் கை நீட்ட முடியும். அடுத்தது திட்ட அனுமதி நடைமுறை. வரைபடங்களைப் பொதுவில் வைப்பார்கள். தெருவில் வீடு, கடை வைத்திருக்கும் எவரும் ஆட்சேபம் எழுதலாம். சத்தம், அதிர்வு, மரம், கார் நிறுத்தும் இடம், தீயணைப்பு வண்டி ஏணி வைக்கும் இடம், கடைக்குச் சரக்கு இறக்கும் இடம். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் நீதிமன்றம். முதன்மை ரயில் நிலையத்துக்கான தடத்தில் இதுதான் நடந்தது. அனுமதியை நீதிமன்றம் ரத்து செய்து, திரும்ப முதலில் இருந்து. 2006இல் பளபளவென்று திறந்த நிலையத்தின் வாசலுக்கு முதல் டிராம் வந்து சேர்ந்தது 2014 டிசம்பரில், அதுவும் எம்10 இல்லை, வேறு தடம்.

மக்களுக்கு ஆட்சேபிக்கும் உரிமை இருப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. யாரையும் கேட்காமல் 1960களில் பிடுங்கியதன் பலனைத்தான் இந்த ஊர் இன்னும் அனுபவிக்கிறது. ஆனால் அந்த ஆட்சேபங்களின் அடியில் இருக்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே ஒன்று: இந்தத் தெருவின் அகலம் யாருக்கு? பெர்லின் டிராம் வண்டியின் அகலம் 2.4 மீட்டர்தான். இரண்டு திசைக்குமாக ஆறேழு மீட்டர் போதும். 40 மீட்டர் நீளமுள்ள ஒரு வண்டி ஏறத்தாழ 240 பேரை ஏற்றும். ஆனால் அந்த ஆறேழு மீட்டர் ஏற்கெனவே யாரோ ஒருவர் கார் நிறுத்தியிருக்கும் இடம். தண்டவாளம் போடுவது பொறியாளர் வேலை, அந்த இடத்தைக் கேட்டு வாங்குவது அரசியல். அதனால்தான் ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் திட்டப் பட்டியல் நீளும், சுருங்கும். ஒரு கூட்டணி டிராம் என்றால் அடுத்தது சுரங்க ரயில் என்னும். பட்டியல் மாறும்போதெல்லாம் இரண்டு மூன்று ஆண்டு வீண்.

தரைக்கு அடியிலும் ஒரு தலைவலி உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. டிராம் ஓடத் தொடங்கிவிட்டால் தண்டவாளத்துக்குக் கீழே இருக்கும் குழாயைத் தோண்டி எடுக்க முடியாது, சேவையை நிறுத்த வேண்டியிருக்கும். ஆகவே தண்ணீர், எரிவாயு, கழிவுநீர், மின்கேபிள் எல்லாவற்றையும் முதலில் ஓரமாக நகர்த்திவிட்டுத்தான் தண்டவாளம். பழைய ஊரில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். புதுத்தடம் போடும் தெருவில் ஓர் ஆண்டு முழுக்கப் பள்ளமாகவே கிடக்கும், ஒரு தண்டவாளத் துண்டு கூடக் கண்ணில் படாது. போகிற வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றும் நடக்கவில்லை என்று திட்டிக்கொண்டே போவார்கள். நானும் திட்டியிருக்கிறேன். வேலையின் கடினமான பாதி அப்போதுதான் நடக்கிறது என்று பிறகுதான் புரிந்தது.

தடத்தின் முனையும் ஒரு சிக்கல். பழைய டிராம்களுக்கு முகப்பு ஒரு பக்கம்தான், கதவும் ஒரு பக்கம்தான். முனையில் ஒரு பெரிய வளையம் சுற்றித்தான் திரும்ப முடியும். நெருக்கமான மேற்குத் தெருக்களில் வளையத்துக்கு இடம் எங்கே? அதனால் எம்10இல் இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உள்ள, இரண்டு பக்கமும் கதவு வைத்த வண்டிகளை ஓட்டுகிறார்கள். டுர்ம்ஸ்ட்ராசேயில் தடம் சட்டென்று முடியும். ஓட்டுநர் இறங்கி மறுமுனைக்கு நடந்து போய் உட்கார்ந்து கிளப்பிக்கொண்டு போவார். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் எந்தத் தெருவுக்கு டிராம் போகலாம் என்பதையே வண்டியின் வடிவம் தீர்மானிக்கிறது. இப்போது சுமார் 50 மீட்டர் நீள வண்டிகளையும் வாங்கியிருக்கிறார்கள். அவை நிற்க நடைமேடை நீள வேண்டும். டிப்போவிலும் இடம் வேண்டும். டிப்போக்கள் எல்லாமே பழைய கிழக்குப் பக்கத்தில் இருக்கின்றன. மேற்கே தடம் நீள நீள, விடியற்காலை முதல் வண்டி வெறுமனே ஓடிவர வேண்டிய தூரமும் நீளும்.

அடுத்து என்ன வரும்? எம்10ஐ டுர்ம்ஸ்ட்ராசேயில் இருந்து யுங்ஃபெர்ன்ஹைடே வரை தள்ளுவது இயல்பான அடுத்த படி, அதற்கப்பால் பழைய டேகல் விமான நிலையத்தில் உருவாகும் புதிய பகுதி. இன்னொரு முனையில் வார்ஷவர் ஸ்ட்ராசேயில் இருந்து ஓபர்பாம் பாலத்தைத் தாண்டி ஹெர்மன்பிளாட்ஸ் வரை நீட்டும் யோசனை ரொம்ப காலமாக இருக்கிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம் தடம் நின்றுபோயிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் அந்த யோசனை தானாக வரும். ஆனால் நடுவில் கோர்லிட்சர் பூங்கா இருக்கிறது. அதன் குறுக்கே டிராம் போகலாமா என்ற சண்டை ஓய்ந்தபாடில்லை. மூன்றாவது, அலெக்சாண்டர்பிளாட்ஸில் இருந்து லைப்சிகர் ஸ்ட்ராசே வழியாக போட்ஸ்டாமர் பிளாட்ஸ், அதைத் தாண்டி கலை அருங்காட்சியகங்கள் இருக்கும் குல்டூர்ஃபோரம். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். வழியில் உள்ள மூலெண்டாம் பாலத்தை இடித்துக் கட்டும் திட்டத்தில் டிராமுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எந்த ஆண்டில் ஏறலாம் என்று மட்டும் என்னிடம் பந்தயம் கட்டாதீர்கள்.

இனி உங்கள் நான்கு நாள்.

முதல் நாள் காலையிலேயே எம்10. வார்ஷவர் ஸ்ட்ராசேயில் இருந்து டுர்ம்ஸ்ட்ராசே வரை முழுத் தடம், இறங்காமல் போனால் முக்கால் மணி நேரம் போல ஆகும். இறங்கி இறங்கி ஏறினால் அரை நாள், அப்படித்தான் போக வேண்டும். ஃபிராங்ஃபுர்டர் டோரில் இரட்டைக் கோபுரங்களையும் அகலமான பெருவழியையும் பாருங்கள், 1950களின் கிழக்கு ஜெர்மனி தன்னை உலகுக்கு எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்று தெரியும். அப்புறம் டான்சிகர் ஸ்ட்ராசே, சாதாரணக் கடைத்தெரு. எபர்ஸ்வால்டர் தாண்டி, மவர்பார்க் பூங்காவைக் கடக்கும்போது சன்னல் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். அந்த இடத்தில் டிராம் பழைய எல்லையை முதல் முறை தாண்டுகிறது.

அடுத்து வருவது பெர்னாவர் ஸ்ட்ராசே. இந்தத் தெருவில் எல்லை விசித்திரமாக ஓடியது. ஒரு பக்கத்து வீடுகள் கிழக்கு பெர்லின், அந்த வீடுகளின் வாசலுக்கு முன்னே இருந்த நடைபாதையும் தெருவும் மேற்கு பெர்லின். வாசல் கதவைத் திறந்து காலை வெளியே வைத்தால் வேறு நாடு. 1961 ஆகஸ்டில் முதலில் வாசல்களை அடைத்தார்கள். மக்கள் சன்னல் வழியாகக் குதித்தார்கள், கீழே மேற்குப் பக்கத் தீயணைப்புப் படையினர் வலை விரித்துப் பிடித்தார்கள். பிறகு சன்னல்களையும் செங்கல் வைத்து அடைத்து, ஆட்களைக் காலி செய்து, கடைசியில் வீடுகளையே இடித்துவிட்டார்கள். இன்று அந்த வெற்றிடம் நெடுக நினைவிடம். துருப்பிடித்த இரும்புக் கம்பிகளை வரிசையாக நட்டுச் சுவர் நின்ற கோட்டைக் காட்டியிருப்பார்கள். டிராம் அந்தக் கம்பிகளை ஒட்டியே போகிறது. நினைவிடத்தின் பெயரிலேயே ஒரு நிறுத்தம் உண்டு, அங்கே இறங்கி ஒரு மணி நேரமாவது நடங்கள்.

நோர்ட்பான்ஹோஃப் பக்கம் திரும்பும்போது டிராம் மறுபடி கிழக்குக்குள் வருகிறது, இரண்டாம் முறை. இன்வாலிடன்ஸ்ட்ராசேயில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், உள்ளே கூரையைத் தொடுகிற டைனோசர் எலும்புக்கூடு. குழந்தைகள் கூட வந்தால் அன்றைய திட்டம் அங்கேயே முடிந்துவிடும், எச்சரித்துவிட்டேன். அதற்கப்பால் ஒரு கால்வாய், அதன் மேல் சாண்ட்குரூக் பாலம். சுவர் காலத்தில் இது எல்லைச் சோதனைச் சாவடி. டிராம் ஒரு மூச்சில் அதைக் கடந்து மேற்கே போகிறது, மூன்றாம் முறை. முக்கால் மணி நேரப் பயணத்தில் மூன்று எல்லைக் கடப்பு, ஒருவரும் தலை தூக்கிப் பார்க்க மாட்டார்கள். எல்லோரும் போனில் இருப்பார்கள்.

கடைசித் துண்டில் மோவபிட் குற்றவியல் நீதிமன்றத்தின் பிரம்மாண்டமான முகப்பு வரும். முனையில் இறங்கினால் பக்கத்திலேயே ஆர்மீனியுஸ் சந்தைக் கூடம், 1891இல் கட்டியது. உள்ளே சாப்பாட்டுக் கடைகள் இருக்கும், மதியம் அங்கே முடித்துக்கொள்ளலாம். இரவில் எம்10இன் முகமே வேறு. வெள்ளி, சனி இரவுகளில் வார்ஷவர் ஸ்ட்ராசே பக்கம் கையில் பீர் பாட்டிலோடு ஏறும் கூட்டத்தைப் பார்த்துத்தான் இதற்குப் 'பார்ட்டி டிராம்' என்று பெயர் வைத்தார்கள். எம் என்று தொடங்கும் தடங்கள் இரவு முழுக்க ஓடும் என்பதால் திரும்பி வரக் கவலையில்லை.

இரண்டாம் நாள் எம்13 எடுத்து போசே பாலம். எஸ்-பான் என்ற நகர ரயிலின் நிலையத்துக்கு மேலேயே பாலம் இருக்கிறது. 1989 நவம்பர் 9 பெயரில் ஒரு சின்னச் சதுக்கம், சுவரின் ஒரு பகுதி, படங்கள். சுற்றுலாக் கூட்டம் குறைவு. திரும்பும்போது ஷோன்ஹவுசர் ஆலேயில் எம்1க்கு மாறிக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே இரும்புத் தூண்களில் யு2 ரயில் போகும், பக்கத்தில் நீங்கள் போவீர்கள். கஸ்டானியன்ஆலே, ஹக்கெஷர் மார்க்ட், ஓரானியன்பர்கர் ஸ்ட்ராசே என்று வளைந்து நெளிந்து அருங்காட்சியகத் தீவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். அழகான பழைய தெருக்கள்தான், ஆனால் எல்லா வழிகாட்டியிலும் இருக்கிறது, நான் நீட்டத் தேவையில்லை.

ஒரு நாளைத் தென்கிழக்குக்கு ஒதுக்குங்கள். கோப்பனிக் எஸ்-பான் நிலையத்தில் இருந்து 68. பழைய ஊரின் குறுகிய தெருவைக் கடந்து, குரூனாவ் தாண்டியதும் வீடுகள் மறைந்துவிடும். ஒரு பக்கம் காடு, இன்னொரு பக்கம் மரங்களுக்கு நடுவே தாமே ஆறு ஏரியாக விரிந்து கிடக்கும். 1912இல் கரையோர ரயில் என்ற பெயரில் தொடங்கிய தடம் இது. 1936 ஒலிம்பிக் படகுப் போட்டி நடந்ததும் இந்த நீரில்தான். அக்டோபரில் இலை எல்லாம் மஞ்சள், செம்பு நிறம் ஆகியிருக்கும். முனை ஆல்ட் ஷ்மோக்விட்ஸ். அது இன்னும் பெர்லின் எல்லைக்குள்தான் என்று சொன்னால் நம்ப முடியாது.

வந்த வழியே முழுக்கத் திரும்ப வேண்டாம். குரூனாவில் வாசர்ஷ்போர்ட்ஆலே நிறுத்தத்தில் இறங்கிக் கரைக்கு நடந்தால் எஃப்12 என்ற சின்னப் படகு. ஊர் டிக்கெட்டே அதற்கும் செல்லும். இரண்டு நிமிடத்தில் அக்கரை, அங்கிருந்து சற்று நடந்தால் 62ஆம் எண் டிராம், அது உங்களை கோப்பனிக்குக் கொண்டுவந்து சேர்க்கும். டிராம், படகு, டிராம், எல்லாம் ஒரே டிக்கெட்டில். பெர்லினில் எனக்குப் பிடித்த வட்டம் இதுதான்.

டிக்கெட் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊர் ஏ, பி, சி என்று மூன்று மண்டலம். மேலே சொன்ன எல்லாம் ஏபி டிக்கெட்டில் அடங்கும். ஒற்றை டிக்கெட் இரண்டு மணி நேரம், ஒரே திசை, அதே டிக்கெட்டில் திரும்பி வரக்கூடாது. இறங்கி ஏறிச் சுற்றுவதற்கு 24 மணி நேர டிக்கெட்தான் வசதி. காகித டிக்கெட் என்றால் மெஷினில் முத்திரை குத்த மறந்துவிடாதீர்கள். வாயில் கதவு, தடுப்பு எதுவும் கிடையாது, யாரும் கேட்கவில்லையே என்று இருந்துவிட்டால் சாதாரண உடையில் வரும் பரிசோதகர் 60 யூரோ அபராதம் வாங்கிவிடுவார். அப்புறம், கதவு தானாகத் திறக்கும் என்று காத்திருக்காதீர்கள், பொத்தானை அழுத்த வேண்டும். முதல் நாள் நான் நின்றுகொண்டே ஒரு வண்டியை விட்டிருக்கிறேன்.

நான்காம் நாள் மிச்சம் இருந்தால், ஏபிசி டிக்கெட் வாங்கிக்கொண்டு எஸ்3 ரயிலில் ரான்ஸ்டோர்ஃப் போங்கள். நிலையத்துக்கு வெளியே 87 நிற்கும். இது பெர்லின் நிறுவனத்தின் தடம் இல்லை, பக்கத்து வோல்டர்ஸ்டோர்ஃப் ஊரின் சொந்த டிராம், 1913இல் இருந்து ஓடுகிறது, மொத்தமே ஆறு கிலோமீட்டருக்குள். அண்மைக் காலம் வரை கோத்தா தொழிற்சாலையில் செய்த, இரண்டு அச்சு மட்டும் உள்ள குட்டிப் பழைய பெட்டிகளை ஓட்டினார்கள். இப்போது போலந்தில் இருந்து தாழ்தள வண்டிகள் வந்துவிட்டன. தடம் முதலில் காட்டுக்குள் புகுந்து, அப்புறம் ஊருக்குள் வந்து, படகுகள் ஏறி இறங்கும் நீர்ப்பூட்டு வாசலில் முடியும். பூட்டின் கதவு திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டு அடுத்த வண்டி வரும்வரை உட்கார்ந்திருக்கலாம்.